அவர் சிரித்த காட்சி

முதல் வாரம் முழுவதும் அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் கதவைத் திறந்து உள்ளே போவேன். கட்டிலில் சாய்ந்தபடி என்னைப் பார்ப்பார். "குட் மோர்னிங் சேர்" என்பேன். முகத்தில் ஒன்றும் அசையாது. கண் இமைகூட எப்போதாவதுதான் மூடித் திறக்கும். உடம்பு கழுவி, சவரம் செய்து, உடுப்பு மாற்றி, மாத்திரை கொடுத்து, கஞ்சி ஊட்டி முடித்து நான் வெளியே வரும்வரை அந்தப் பார்வை என்மேலேயே இருக்கும். என்னிடம் ஏதோ பிழை கண்டுபிடித்துவிட்ட மேலதிகாரியின் பார்வை அது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"அந்தாள் உங்களோட கோவமோ?" என்று கேட்டாள்.

"தெரியேல்லை. முகத்தை உம்மெண்டு வச்சுக்கொண்டு இருக்கிறார். ஒரு சொல்லுக் கதை இல்லை."

"அப்ப ஏன் கிடந்து கஷ்டப்படுறியள்? வேற ஆளைத் தரச்சொல்லி ஒஃபிசில கேளுங்கோவன்."

கேட்கத்தான் இருந்தேன். வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிக்கும் கெயரர் வேலை என்னுடையது. மன்னாரிலிருந்து வந்த புதிதில் பெட்ரோல் நிலையத்தில் நின்றேன். முதுகு பிடித்துக்கொண்ட பிறகு இதற்கு வந்தேன். முதுகு வலிக்கு ஆட்களைத் தூக்கும் வேலை நல்லதில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் இதில் இரவு ஷிப்ட் இல்லை, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகலாம். லண்டனில் மிச்சம் என்கிற ஊரில் என் வீடு, பக்கத்து டூட்டிங்கில் அவர் வீடு. ஒரே பஸ். அதற்காகவே அவரை விடவும் மனமில்லை.

சனிக்கிழமை அவருடைய மகளும் வீட்டில் நின்றார். ஐம்பது வயதிருக்கும், வங்கியில் வேலை, தனியாக இருப்பவர். தாய் இறந்த பிறகு லாகூர் வீட்டை விற்றுவிட்டுத் தகப்பனை இங்கே கூட்டி வந்திருந்தார். நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன், உங்கள் அப்பாவுக்கு என்மேல் ஏதாவது மனக்குறையா என்று.

"பார்க்கின்சன் நோய் முகத்தையும் பிடிக்கும்" என்றார். "தசை இறுகிவிடும். கோபமில்லை என்று டாக்டர் சொல்கிறார்." தேநீர்க் கோப்பையைக் கழுவியபடியே சொன்னார். பிறகு என்னைப் பார்க்காமல், "நானும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்" என்றார்.

அவர் பெரிய நடிகர் என்பது எனக்கு இறைச்சிக் கடை வாசலில்தான் தெரியவந்தது.

அன்று நல்ல வெயில். அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து அப்பர் டூட்டிங் ரோடு வழியாகத் தள்ளிக்கொண்டு போனேன். ஹலால் இறைச்சிக் கடையைக் கடக்கும்போது உள்ளே இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியைப் பலகையில் போட்டுவிட்டுக் கையை முன்துணியில் துடைத்துத் துடைத்துக்கொண்டு வெளியே ஓடி வந்தார். நாற்காலியின் முன்னால் குனிந்து, அவருடைய கையை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். உருதுவில் ஏதோ சொன்னார். பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பஸ்ஸுக்கு நின்ற குடும்பம் ஒன்று பஸ்ஸை விட்டுவிட்டு வந்தது. அந்தக் குடும்பத்துத் தாய் தன் போனை என்னிடம் தந்து படம் எடுக்கச் சொன்னார்.

எடுத்தேன். சுற்றி நிற்கிற எல்லோர் முகத்திலும் சிரிப்பு. நடுவில் அவர், தீர்ப்புச் சொல்ல வந்த நீதவானைப் போல. அந்தத் தாய் படத்தைப் பார்த்தார். அவருடைய சிரிப்பு மெல்ல இறங்கியது. கடைக்காரரும் கையை விட்டார். "சாகிப்புக்குக் களைப்புப் போலிருக்கிறது" என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உள்ளே போனார். கலைந்து போனவர்களில் ஒருவர், பெரிய ஆட்கள் எல்லாம் இப்படித்தான் என்று சொன்னது காதில் விழுந்தது.

நாற்காலியைத் தள்ளப் போனபோது அவருடைய உதடு லேசாக அசைவதைக் கண்டேன். குனிந்து காதை வாயருகே கொண்டுபோனேன். அன்றுதான் அவர் குரலை முதலில் கேட்டேன். குரல் என்று சொல்ல முடியாது, மூச்சில் எழுதிய எழுத்து மாதிரி.

"எனக்குச் சரியான சந்தோசம். அவையிட்டைச் சொல்லு."

நிமிர்ந்து பார்த்தேன். வாசலில் ஒருவரும் இல்லை.

எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஆங்கிலம்தான். அவருடையது பழைய வானொலிக்காரரின் ஆங்கிலம், என்னுடையது பெட்ரோல் நிலையத்து ஆங்கிலம். அவர் பேசியதை இங்கே என் தமிழில்தான் எழுத முடியும். அவர் என்னைப் 'பாய்' என்று கூப்பிட்டார். தமிழ்ப் படங்களில் முஸ்லிம் ஆட்களைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள் என்று சொன்னேன். "நல்லது. இஞ்சை நீதான் பாய்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொல்லியிருப்பார். குரலில் ஒரு சின்ன மேடு வந்தால் அது சிரிப்பு என்று பிறகு பழகிக்கொண்டேன்.

காலை மாத்திரை உடம்பில் ஊறியதும் கொஞ்ச நேரம் அவருக்குப் பேச வரும். சவரத்தையும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குத் தள்ளி வைத்துக்கொண்டேன். காது அவர் வாயருகே இருப்பதற்கு அது வசதி. அப்படித் துண்டு துண்டாகக் கேட்டதுதான் அவருடைய கதை.

தகப்பன் ரயில் நிலையத்தில் பயணச்சீட்டுக் கொடுப்பவர். பள்ளி விட்டதும் இவர் தகப்பனின் கூண்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்வாராம். கம்பிக்கு அந்தப் பக்கம் வரும் முகங்களைப் பார்ப்பதுதான் விளையாட்டு. "ரயிலைத் தவற விட்டவன்ர முகத்தைப் பார்த்திருக்கிறியோ? முதல்ல சிரிப்பான். பிறகுதான் மற்றதெல்லாம் வரும்." நடிப்பைத் தான் படித்தது அங்கேதான் என்றார்.

முதலில் வானொலி. அதற்காக இளமையில் சில வருடங்கள் லண்டனிலும் இருந்திருக்கிறார். குரலை மட்டும் விற்றுப் பிழைக்கப் பிடிக்கவில்லை. லாகூரில் தொலைக்காட்சி தொடங்கியதும் அங்கே எடுத்த கடவுச்சீட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார். அப்போதெல்லாம் நாடகம் நேரடி ஒளிபரப்பு. பிழைவிட்டால் நாடு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். தன் தம்பியையே கைது செய்யப் போகும் ஒரு போலீஸ்காரர் வேடம் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. கடைசிக் காட்சியில் அவருக்கு வசனம் இல்லை. விலங்கைப் பூட்டிவிட்டுத் தம்பியைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அந்த நாடகம் போகும் நேரத்தில் லாகூர்க் கடைத்தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது என்றார் மகள். கல்யாண வீட்டுக்காரர்கள் நேரம் மாற்றி வைத்தார்களாம்.

பிறகு ராணுவ ஆட்சி வந்தது. அவர் நடித்த ஒரு மேடை நாடகம் மேலிடத்துக்குப் பிடிக்காமல் போயிற்று. ஒருவரும் தடை என்று சொல்லவில்லை, கூப்பிடுவதை நிறுத்தினார்கள். வருடக்கணக்கில் மைத்துனரின் மோட்டார்ப் பாகக் கடையில் உட்கார்ந்திருந்தார். மோட்டார் சைக்கிள் ஹோர்ன் வாங்க வருகிறவர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார்கள். "அவைக்குத்தான் வெக்கமாயிருந்தது" என்றார்.

ஆட்சி மாறியதும் திரும்பக் கூப்பிட்டார்கள். அதற்குள் தலை நரைத்துவிட்டது. தனியார் சானல்கள் வந்தபோது அப்பா வேடம் கிடைத்தது. பிறகு தாத்தா. பிறகு கட்டிலில் கிடக்கிற தாத்தா. "அதுக்குப் பிறகு சுவரிலை தொங்கிற படம். அதுக்கும் காசு தருவினம், பாய்."

நோய் வந்ததை அவருக்கு முதலில் சொன்னது டாக்டர் இல்லை, இயக்குநர் ஒருவர். பேத்தியை வரவேற்கும் காட்சி. "சேர், கொஞ்சம் சிரிக்க வேணும்" என்றாராம் இயக்குநர். இவருக்கு விளங்கவில்லை. "நான் சிரிச்சுக்கொண்டுதான் நிண்டனான்."

அதைச் சொன்ன அன்று நான் சவரக் கத்தியை எடுத்துவிட்டுச் சும்மா நின்றேன். பாதி முகத்தில் நுரை இருந்தது.

ஒரு நாள் மகளுக்கு ஒரு அழைப்பு வந்தது. கராச்சியிலிருந்து ஒரு குழு தொடர் நாடகம் எடுக்க லண்டனுக்கு வந்திருந்தது. இயக்குநருக்கு அறுபது வயதிருக்கும். சிறு வயதில் அந்தப் போலீஸ்கார நாடகத்தைப் பார்த்துத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தாராம். ஒரே ஒரு காட்சி, வசனமே வேண்டாம், சாகிப் வந்து உட்கார்ந்தால் போதும் என்று கேட்டார். பல வருடங்களுக்கு முன் வீட்டை விட்டுப் போன மகன் திரும்பி வருகிறான். ஜன்னலருகே உட்கார்ந்திருக்கும் தகப்பன் அவனை அடையாளம் கண்டு சிரிக்கிறார். அதுதான் காட்சி.

மகளுக்கு விருப்பமில்லை. "அப்பாவைப் பாவம் பார்த்துக் கூப்பிடுகிறார்கள்" என்றார். அவரோ மறுமொழியை ஒரு சொல்லில் சொல்லிவிட்டார். அதைக் கேட்க நான் குனிய வேண்டிக்கூட இருக்கவில்லை.

அதற்குப் பிறகு காலைகள் மாறின. சவரம் முடிந்ததும் கண்ணாடியை முகத்துக்கு முன் பிடிக்கச் சொல்வார். கண்ணாடியைப் பார்க்காமல் என்னைப் பார்ப்பார்.

"இப்ப?"

"இல்லை, சேர்."

"இப்ப?"

"இல்லை."

பொய் சொல்லக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். பொய் சொல்லும் ஆட்கள் தனக்கு ஊரில் நிறைய இருந்தார்கள் என்றார். ஆகவே நான் காலை தோறும் ஒரு மனிதரைப் பார்த்து இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கழுத்து நரம்புகள் புடைக்கும். நெற்றியில் வியர்க்கும். ஒரு பாரத்தை மலைமேல் தூக்குகிற உழைப்பு அது. முகம் மட்டும் அப்படியே இருக்கும். கண்ணாடியைப் பிடித்திருக்கும் என் கையைத் தவிர எனக்கு அங்கே வேறு வேலை இல்லை.

ஒரு காலை, மாத்திரை நன்றாக ஊறியிருந்த நேரம், இடது பக்க உதட்டோரம் மேலே போனது. மிகச் சின்னதாக. ஆனால் போனது.

"ஓம்" என்றேன். ஆங்கிலத்தில் சொல்ல மறந்துபோனது. அவருக்கு விளங்கியது.

அந்த நேரத்தை மகள் குறித்துக்கொண்டார். மாத்திரை கொடுத்து எவ்வளவு நேரத்தில் அது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று நாங்கள் மூவரும் பார்த்து வைத்தோம். அந்த இடைவெளிக்குள் படம் எடுக்க வேண்டும் என்று இயக்குநரிடம் மகள் சொன்னார். அவரும் நிச்சயமாக என்றார். நல்ல மனிதர், பொய்யாகச் சொல்லவில்லை.

படப்பிடிப்பு எங்கள் மிச்சம் ஊரில், வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டில். என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். எனக்கு லீவு நாள். அவர் கேட்டதால் போனேன். பழைய கம்பளிக் கோட்டு ஒன்றைப் போட்டுவிட்டார்கள். முகத்துக்குப் பூச்சுப் பூச வந்த பெண் அவருடைய காலைத் தொட்டு வணங்கிவிட்டுத்தான் தொடங்கினார். அவரை ஜன்னலருகே உட்கார வைத்ததும் அந்த உடம்பு தானாக நிமிர்ந்தது. வெளிச்சம் எங்கேயிருந்து வருகிறதென்று யாரும் சொல்லாமலே தெரிந்து, நாடியை அந்தப் பக்கம் ஒரு விரற்கடை திருப்ப முயன்றார். நான் திருப்பிவிட்டேன்.

சொன்ன நேரத்துக்கு மாத்திரை கொடுத்தோம். எல்லாம் தயார். மகனாக நடிப்பவர் மட்டும் வரவில்லை. சென்ட்ரல் லண்டனில் வேறொரு காட்சி முடிந்து வந்துகொண்டிருந்தார்; வழியில் வாகன நெரிசல். இயக்குநர் போனும் கையுமாக வாசலுக்கும் அறைக்கும் நடந்தார். மகன் இல்லாமல் அப்பாவின் முகத்தை மட்டும் எடுத்தால் என்ன என்று மகள் கேட்டார். எடுக்கலாம் என்று விளக்கைப் போட்டபோது பக்கத்து வீட்டுக் கூரையில் வேலைக்காரர்கள் துளை போடத் தொடங்கினார்கள். வசனம் இல்லாத காட்சிக்குச் சத்தம் வந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. ஆனால் கமராக்காரர் ஜன்னல் நடுங்குகிறது என்றார்.

நான் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மாத்திரையின் பலம் இறங்குவது எனக்குத் தெரியும். முதலில் கை விரல்கள் தடித்தன. பிறகு தோள் முன்னால் சாய்ந்தது. பேசிப் பார்த்தேன், மறுமொழி வரவில்லை. அடுத்த மாத்திரைக்கு நேரம் இருந்தது. முந்திக் கொடுக்க எனக்கு அனுமதி இல்லை. கொடுத்தாலும் உடனே ஏறாது.

மகனாக நடிப்பவர் வந்து சேர்ந்தார். ஆயிரம் மன்னிப்புக் கேட்டார். கூரைக்காரர்கள் தேநீருக்கு இறங்கினார்கள். எடுத்தார்கள்.

நான் கமராவுக்குப் பின்னால், ஒரு சின்னத் திரையின் பக்கத்தில் நின்றேன். மகன் உள்ளே வந்து முழந்தாளிட்டார். திரையில் அவருடைய முகம் பெரிதாகத் தெரிந்தது. அந்தப் போலீஸ்காரரின் முகம், தாத்தாக்களின் முகம், ஒன்றும் அதில் இல்லை. ஆனால் எனக்கு அவருடைய கழுத்து நரம்பு தெரிந்தது. கண் மகனை விட்டு ஒரு கணம் மேலே வந்து, கமராவைத் தாண்டி, என்னைப் பார்த்தது.

இப்ப?

நான் ஒன்றும் செய்யவில்லை. தலையை ஆட்டினாலும் பிழை, ஆட்டாவிட்டாலும் பிழை. அவர் இமைக்காத கண்ணிலிருந்து ஒரு துளி நீர் உருண்டு கன்னத்தில் இறங்கியது. இயக்குநர் "கட்" என்றார். பிறகு எல்லோரும் கை தட்டினார்கள். பூச்சுப் பூசிய பெண் அழுதுகொண்டிருந்தார். இன்னொரு தடவை எடுக்க வேண்டும் என்று ஜன்னலருகே இருந்தவர் சொல்ல முயன்றதை நான் குனிந்து கேட்டுச் சொன்னேன். "தேவையே இல்லை சாகிப்" என்றார் இயக்குநர், அவருடைய கையை முத்தமிட்டு.

அடுத்த மாத்திரை ஊறிய பிறகு, காரில் வரும்போது குனிந்து கேட்டேன்.

"அது கண்ணீர் இல்லை, பாய். கண் மூடாததாலை வந்த தண்ணி" என்றார்.

நாடகம் ஒளிபரப்பானபோது இலையுதிர் காலம் வந்துவிட்டது. அந்தக் காட்சியை நான் மகளின் போனில் பார்த்தேன். பின்னால் சாரங்கி மாதிரி ஒரு இசை சேர்த்திருந்தார்கள். முகத்தின் மேலேயே கமரா நெடுநேரம் நின்றது. கடைசியில் அந்த ஒரு துளி.

மறுநாள் காலை நான் போனபோது வீட்டுத் தொலைபேசியும் மகளின் போனும் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தன. லாகூர், கராச்சி, துபாய், கனடா. பழைய சக நடிகர்கள், யாரோ ஒரு பேராசிரியர், முன்பின் தெரியாத பெண்கள். மகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போனிலிருந்து ஒவ்வொன்றாக வாசித்தார். எவ்வளவு கட்டுப்பாடு. ஒரு தசையைக்கூட அசைக்காமல் ஒரு தகப்பனின் முழுத் துயரத்தையும் காட்டிவிட்டார். இன்றைய நடிகர்கள் முகத்தைக் கோணுவதை விட்டுவிட்டு இவரிடம் கற்கட்டும். மகளின் கன்னம் சிவந்திருந்தது. நான் அவரை அவ்வளவு மகிழ்ச்சியாகப் பார்த்ததில்லை. வாசித்து முடித்துவிட்டு நிமிர்ந்து தகப்பனின் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வேலைக்குப் போனார்.

மகள் போன பிறகு அவர் என்னைக் கிட்ட வரச் சொன்னார்.

"துயரம் எங்கை வந்தது? அது சந்தோசக் காட்சி. மகன் வந்திட்டான். நான் சிரிச்சனான்."

"ஓம் சேர். எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரிஞ்சு என்ன?"

அவர் அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னார்.

நாட்கள் போகப் போகப் பாராட்டு கூடிக்கொண்டு வந்தது. அதில் ஒன்றுதான் அவரை மிகவும் வருத்தியது. நடிப்புச் சொல்லிக்கொடுக்கும் ஒரு பள்ளியில் அந்தக் காட்சியை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறார்கள், எப்படி நடிக்க வேண்டும் என்பதற்கு. இதை மகள் பெருமையாகச் சொன்னார். அன்று அவர் கஞ்சி குடிக்கவில்லை. வருத்தத்தை முகம் சொல்லாது, சாப்பாடு சொல்லும். கரண்டியைக் கொண்டுபோனால் வாய் திறக்காது.

அந்தப் பிள்ளைகளுக்கு உண்மை தெரிய வேண்டும் என்றார். அது நடிப்பில்லை, நோய். முகத்தை அசைக்காமல் நடிக்கலாம் என்று யாராவது பழகினால் அது தன் பாவம். அதைத் தானே சொல்லி ஒரு வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். மகளுக்கும் அது நியாயமாகப்பட்டது. ஒரு சனிக்கிழமை மாத்திரை ஊறும் நேரம் பார்த்து, போனை அவர் முன் வைத்துப் பிடித்தோம். நெடுநேரம் பேசினார். உதடு அசைந்தது. நான் பக்கத்தில் இருந்ததால் சில சொற்கள் கேட்டன. போட்டுப் பார்த்தபோது போனில் மூச்சுச் சத்தமும், வெளியே போன பஸ்ஸின் சத்தமும்தான் இருந்தன. போனை வாயருகே வைத்து இன்னொரு தடவை எடுத்தோம். அதற்குள் குரல் முடிந்துவிட்டது.

மகள் தானே எழுதி இயக்குநருக்கு அனுப்பினார். அப்பா சிரிக்கத்தான் முயன்றார், நோயால் முடியவில்லை, இதைப் பள்ளிக்குச் சொல்லுங்கள் என்று. மறுமொழி உடனே வந்தது. எத்தனை பெரிய மனசு, தன் கலையைத் தானே இப்படிக் குறைத்துச் சொல்ல ஒரு மகா கலைஞனால்தான் முடியும் என்று எழுதியிருந்தார். கீழே வரிசையாகச் சிவப்பு இதயங்கள்.

மகள் அதை வாசித்துக் காட்டவில்லை. அவரும் கேட்கவில்லை.

மார்கழிக் குளிரில் அவருக்கு விழுங்குவது கஷ்டமாகிவிட்டது. தண்ணீர் புரைக்கேறியது. ஒரு நாள் காலை காய்ச்சலோடு கிடந்தார், மூச்சில் இரைச்சல். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில், உணவு நுரையீரலுக்குள் போய்க் கிருமி பிடித்துவிட்டது என்றார்கள். வேலை முடிந்து பின்னேரங்களில் போய்ப் பார்த்தேன். அது என் வேலையில் சேர்ந்ததல்ல. ஆனால் அவர் என் காதைத் தேடுவார் என்று எனக்குத் தோன்றியது.

வார்டுக்கு வெளியே மனைவியோடு போனில் பேசிக்கொண்டு நின்றபோது இளம் டாக்டர் ஒருவர் நின்று கேட்டார். "நீங்க தமிழா?"

"ஓம். மன்னார்."

"ஆமா, பேச்சிலயே தெரியுது. நான் மதுரை. நீங்க அவரோட கேரரா?"

"ஓம் டொக்டர். அவருக்கு என்ன மாதிரி? திரும்பி வருவாரோ?"

அவர் வார்டுக் கதவைப் பார்த்தார். "நுரையீரல் ரொம்ப மோசமா இருக்கு. மருந்து குடுத்துட்டுதான் இருக்கோம். கேக்குறதுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். மகள்கிட்ட காலையில எல்லாம் சொல்லிட்டேன்."

"அவருக்கு நோகுதோ எண்டு எப்பிடித் தெரியும்? முகத்தில ஒண்டும் தெரியாதே."

"எங்களுக்கும் அதுதான் சிரமம்" என்றார். "மூச்சையும் நாடித் துடிப்பையும் வச்சுத்தான் பாக்குறேன்."

உள்ளே மகள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். நான் வந்ததைப் பார்த்து எழுந்து இடம் விட்டார். தகப்பனின் கண் திறந்திருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது.

"காலையிலிருந்து ஏதோ சொல்கிறார்" என்றார் மகள். "எனக்குக் கேட்கவில்லை. உங்களுக்குத்தான் கேட்கும்." பிறகு, நான் குனிவதற்கு முன், என் கையைப் பிடித்தார். "ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். வீட்டை விற்று அவரை இங்கே கொண்டுவந்தேன். வந்த நாளிலிருந்து அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நோய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என்மேல் கோபமா என்று கேளுங்கள்."

அதை உருதுவில் மகளே கேட்கலாம். அதைச் சொன்னேன். கேட்டார், அழுதுகொண்டே கேட்டார். நான் காதைத் தகப்பனின் உதட்டில் படுகிற அளவுக்குக் கொண்டுபோனேன். ஒட்சிசன் குழாயின் இரைச்சல். அதற்குள் சூடான மூச்சு வந்து வந்து போனது. சொல் இருந்தது, உதடு ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பப் பிடித்தது. ஆனால் அது ஆங்கிலம் இல்லை. உருதுவா, அவர் வீட்டில் பேசிய பஞ்சாபியா, எனக்குத் தெரியவில்லை. கேட்கக்கூடிய காது என்னிடம் இருந்தது, விளங்கக்கூடிய காது மகளிடம் இருந்தது. மகளையும் குனிந்து கேட்கச் சொன்னேன். குனிந்தார். "குழாய்ச் சத்தம்தான் கேட்கிறது" என்றார். நான் கேட்ட சத்தத்தை என் வாயால் சொல்லிப் பார்த்தேன். என் நாக்கில் அது வேறெதுவோ ஆகிவிட்டது. மகள் தலையை ஆட்டினார். அப்படி ஒரு சொல் இல்லை என்றார்.

இரண்டொரு நாளில், காலையில், அவர் போய்விட்டார். நான் அப்போது லூயிஷாமில் வேறொரு வீட்டில் ஒரு அம்மாவுக்குக் காலுறை போட்டுக்கொண்டிருந்தேன். மகள் போனில் சொன்னார். அந்த அம்மா ஏன் நிறுத்திவிட்டாய் என்று கேட்டார். மற்றக் காலுக்கும் போட்டேன்.

ஜனாசா தொழுகைக்குப் பள்ளிவாசல் நிறைய ஆட்கள். நான் வெளியே சப்பாத்துத் தட்டுகளின் பக்கம் நின்றேன். இறைச்சிக் கடைக்காரர் என்னை அடையாளம் கண்டு வந்து தோளைத் தொட்டார். அவரோடு வயதான ஒருவர் வந்தார். ஊரில் அவரோடு மேடையில் நடித்தவராம். நான்தான் கடைசிவரை பார்த்தவன் என்று கடைக்காரர் சொன்னதும் அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கடைசிக் காட்சி எடுக்கும்போது நீங்கள் அங்கே இருந்தீர்களா?" என்று கேட்டார்.

"ஓம், நின்றேன்."

"என்ன ஒரு அடக்கம். ஐம்பது வருட உழைப்பு அந்த ஒரு முகத்தில் இருந்தது."

"அவர் சிரிக்கப் பார்த்தார், ஐயா" என்றேன். "முழுப் பலத்தோடும் சிரிக்கப் பார்த்தார். நோயால் முடியவில்லை. அவருக்கு அது பெரிய வேதனை."

பெரியவர் என்னைப் பார்த்தார். கண் கலங்கியது. மெல்லத் தலையசைத்தார்.

"ஆமாம்" என்றார். "அதுதான் கலை. சிரிப்பை உள்ளேயே வைத்துக்கொண்டு வெளியே காட்டாமல் விடுவது."

கடைக்காரரும் ஆமோதித்தார். நான் இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். பெரியவர் என் கையை விட்டுவிட்டுத் தோள் கொடுக்கப் போனார். அவர்களுடைய வழக்கம் எனக்குத் தெரியாததால் நான் ஓரமாக விலகி, அவரை ஏற்றிய வாகனம் போவதற்கு வழிவிட்டு நின்றேன்.